மூலைத் தாழி

திபிலிசி,
20 மே 1979

அன்புள்ள அண்ணிக்கு நானுலியின் வணக்கம். நீங்களும் சோலிகோ அண்ணனும் நலம்தானே? இந்த மழைக்கு உங்கள் முட்டி என்ன சொல்கிறது? இங்கே நாங்கள் நலம்.

நலம் என்று எழுதிவிட்டேன், ஆனால் உங்கள் தம்பி கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பயப்பட ஒன்றுமில்லை. வயிற்றுப்புண் என்றார் டாக்டர். டிராம் பணிமனையில் நேரத்துக்குச் சாப்பிடாமல் திரிந்தால் வேறென்ன வரும்? இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். உடம்பு இளைத்திருக்கிறது, வாய் இளைக்கவில்லை. கஞ்சி கொடுத்தால், "இது குடிக்கறதுக்கா, இல்ல சுவரொட்டி ஒட்டறதுக்கா?" என்கிறார்.

அவருடைய தொழிற்சங்கத்தில் எங்கள் இருவருக்கும் கோபுலெத்தி கடற்கரைக்கு விடுமுறைச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். ஆகஸ்டில் போகிறோம். அதற்கு முன் ஜூலையில் உங்களோடு இருப்போம். வழக்கம்போல கோடையில் பாதி திராட்சைத் தோட்டம், பாதி கடல். நீங்களும் ஒரு தடவை எங்களோடு கடலுக்கு வந்தால் என்ன? கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்குத்தான் வாய் வலிக்கிறது.

ஒரு வேண்டுகோள். கொட்டிலில் மூலையில் புதைத்திருக்கிற பெரிய ஒயின் தாழியை இந்த வருஷம் திறக்க வேண்டாம். மூடியின் மேல் பூசிய மண் அப்படியே இருக்கட்டும். ஏன் என்று நேரில் சொல்கிறேன். நான் இப்படிக் கேட்டது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணனுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

நானுலி

*

கிராமத்திலிருந்து,
3 ஜூன்

நானுலிக்கு மக்வாலா எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கும் சேர்த்து அலாவெர்தி கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். முட்டி இருக்கிறது, கழற்றி வைக்கவா முடியும்?

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "தபாலாபீஸ்ல உக்காந்து முத்திரை குத்தறவளுக்கு ஒயினைப் பத்தி என்னடி தெரியும்?" என்றார். எப்போதாவதுதான் அந்த மனிதர் சொல்வதில் நியாயம் இருக்கும். இது அந்த எப்போதாவது. செப்டம்பர் கடைசியில் பழம் வந்துவிடும். மூலைத் தாழியைக் காலி செய்து கழுவி வைத்திருந்தால்தான் புதுச் சாற்றை ஊற்ற முடியும். இல்லையென்றால் பாதி அறுவடையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது, உங்கள் டிராமிலா? 

திறந்த தாழி காத்திருக்காது, அது உனக்கும் தெரியும். அவ்வளவு பெரியதைத் திறந்தால் ஊரே உட்கார்ந்து குடித்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் புளித்துப்போகும். அதனால்தான் இங்கே பெரிய தாழியை வருஷம் தாண்டி மூடி வைப்பவர்களைப் பார்த்து எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒன்று வீட்டில் கல்யாணம் வருகிறது. இல்லையென்றால் வீட்டில் யாரோ எழுந்திருக்கப் போவதில்லை, இழவு விருந்துக்கு ஒயின் வேண்டும்.

உனக்கும் ஒதாருக்கும் கட்டிக்கொடுக்கப் பிள்ளைகள் இல்லை. என் மகளைக் கட்டிக்கொடுத்து வருஷங்கள் ஆகின்றன. அப்படியானால் யாருக்கு என்று கேட்கிறேன். நேரில் பேசும்வரை காத்திருக்க என்னால் ஆகாது. எழுது.

கடலுக்கு நான் எதற்கு? உப்புத் தண்ணீர் வேண்டுமென்றால் பாலாடைக்கட்டி ஊறுகிற பானை இங்கேயே இருக்கிறது.

மக்வாலா

*

திபிலிசி,
12 ஜூன்

என் அருமை அக்காவுக்கு, உன் உதவாக்கரைத் தம்பி ஒதார் கைகூப்பி எழுதுவது. அத்தான் இன்னும் வீட்டோடு மாப்பிள்ளையாகத்தான் இருக்கிறாரா, இல்லை வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டாரா? உன் முட்டியைக் கேட்டதாகச் சொல்.

என் வயிற்றைப் பற்றி நானுலி எழுதியிருப்பாள். வயிறு அப்படித்தான் இருக்கிறது. அதை விடு. நாங்கள் வந்ததும் மூலைத் தாழியைத் திறக்க வேண்டும், அக்கா. அப்பா இருந்தபோது கோடையில் ஒருமுறை திறந்தாரே, வாதுமை மரத்தடியில் மேஜைமேல் மேஜையாகப் போட்டு, அந்த மாதிரி. நான்தான் தமதா. ஒவ்வொரு கோப்பைக்கும் வாழ்த்துச் சொல்கிற வேலையை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். திராட்சைக் கொடிச் சுள்ளியில் இறைச்சி சுட வேண்டும். ரொட்டி அடுப்புச் சுவரிலிருந்து நேரே மேஜைக்கு வர வேண்டும்.

தெரிந்தவர்கள் எல்லாரையும் கூப்பிடு. ஷாக்ரோவையும் கூப்பிடு. ஆமாம், அந்த ஷாக்ரோவைத்தான். வாய்க்கால் தண்ணீருக்காக அவனோடு பேசாமல் இருந்து என் தலைமுடியே நரைத்துவிட்டது. தண்ணீர் என்னவோ அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

நானுலிக்கு இது தெரிய வேண்டாம். புண்ணுக்கு ஒயின் ஆகாது என்று ஆரம்பித்துவிடுவாள். அவள் தபாலாபீஸ்காரி என்பதால் இதை ரயில் நிலையப் பெட்டியில் போடுகிறேன், பார், எவ்வளவு சாமர்த்தியம்.

உன் தம்பி,
ஒதார்

*

திபிலிசி,
18 ஜூன்

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். இருவரும் சுகமாயிருக்க வேண்டும்.

யாருக்கு என்று கேட்டீர்கள். அவருக்குத்தான், அண்ணி.

டாக்டர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். புண் இல்லை. அறுத்துப் பார்த்து, அப்படியே தைத்துவிட்டார்கள். அடுத்த கோடையை எண்ண வேண்டாம் என்றார். உங்கள் தம்பியிடம் வயிற்றுப்புண் என்று சொல்லியாயிற்று, அவரும் நம்பியதுபோலத்தான் இருக்கிறார். கடைசிவரை அப்படியே இருக்கட்டும். 

இவளுக்கென்ன கல் மனசா என்று உங்களுக்குத் தோன்றும், உயிரோடு இருக்கிற மனுஷனின் இழவு விருந்துக்கு ஒயின் ஒதுக்கச் சொல்கிறாளே என்று. என் அப்பா போனபோது எங்கள் வீட்டில் ஒயின் இல்லை. கடையில் வாங்கி வைத்தோம். வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கோப்பையை வைத்ததை நான் நின்று பார்த்தேன். அப்பாவைப் பற்றி யாரும் இரண்டு வார்த்தைக்கு மேல் சொல்லவில்லை. நல்ல ஒயின் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்கள். ஊரில் எல்லாருடைய மேஜையிலும் தமதாவாக இருந்தவர் உங்கள் தம்பி. அவரை அந்த மாதிரி என்னால் அனுப்ப முடியாது. எனக்கு இந்த ஒன்று போதும்.

நாங்கள் வரும்போது நீங்கள் அழக் கூடாது.

நானுலி

*

கிராமத்திலிருந்து,
1 ஜூலை

நானுலிக்கு,

வாருங்கள். தெலாவி பஸ் நிலையத்துக்கு உன் அண்ணன் வண்டியோடு வந்து நிற்பார். மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன். நான் அழ மாட்டேன். இப்போதே அழுது முடித்துவிட்டேன்.

மக்வாலா

*

கோபுலெத்தி,
9 ஆகஸ்ட்

மக்வாலா அண்ணிக்கு,

நலமா என்று கேட்காமல் எழுத என் வளர்ப்பு விடாது. நலம்தானே? நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். விடுதியில் கடலைப் பார்த்த அறை. ஊரிலிருந்து கிளம்பும்வரை உங்களோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

விருந்தன்று காலையில் என்னைக் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வரச் சொன்னது நீங்கள். திரும்பி வந்தால் கொட்டில் கதவு திறந்து கிடக்கிறது. மூலைத் தாழியின் மண்ணைச் சுரண்டி எறிந்திருக்கிறது. அண்ணன் குனிந்து அகப்பையால் மொண்டுகொண்டிருக்கிறார். வாசனை முற்றம்வரை வருகிறது. மரத்தடியில் உங்கள் தம்பி வெள்ளைவெளேரென்று மேஜைவிரிப்பைப் போட்டுக்கொண்டு, "நானுலி, பச்சை வெங்காயம் கழுவியாச்சா?" என்கிறார். நான் என்ன செய்வேன்? வெங்காயம் கழுவினேன். அந்த ஈரக்கையோடு உங்களை அறைந்திருப்பேன், அண்ணி. அவ்வளவு கோபம்.

ஷாக்ரோ வந்ததை நீங்கள் அடுப்படியில் இருந்ததால் சரியாகப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கறுப்புச் சட்டை. மழிக்காத முகம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி வாசலில் நின்றார். பருவம் தப்பிப் பெரிய தாழியைத் திறந்திருக்கிறார்கள், பகையாளியான தன்னையும் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றால் அவர் வேறென்ன நினைப்பார்? இழவு வீடு என்றே வந்துவிட்டார். "துக்கத்துல நானும் கூட நிக்கறேன்" என்றார். பிறகு நிமிர்ந்து, மெதுவாக, "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார்.

"இன்னும் யாரும் போகல" என்றார் உங்கள் தம்பி. "உக்காரு. ரொட்டி ஆறிடும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஷாக்ரோவும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு உங்கள் தம்பி எவ்வளவு அழகாகத் தமதாவாக இருந்தார் என்று உங்களுக்கே தெரியும். வாய்க்காலுக்கு ஒரு கோப்பை வாழ்த்துச் சொன்னாரே, அதில் ஷாக்ரோ அழுதே விட்டார். போனவர்களுக்கான கோப்பை வந்தபோது, ரொட்டித் துண்டில் ஒயினை ஊற்றினார். ஷாக்ரோ கிளம்பியபோது உங்கள் தம்பி படலருகே நின்று அவரிடம் ஏதோ சொன்னார். நான் தட்டுகளோடு பின்னால் நின்றேன். என்ன சொன்னார் என்று எழுத மாட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் அவரிடம் ஏதாவது சொன்னீர்களா? எதற்காகத் திறந்தீர்கள்? இனி அந்த நாளில் மேஜையில் நான் எதை வைப்பது?

இங்கே அவர் காலையில் கூழாங்கல் மேல் விரிப்பைப் போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீரில் இறங்குவதில்லை. கால் மட்டும் நனைக்கிறார். 

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபம் உடம்புமேல் இல்லை.

நானுலி

*

கோபுலெத்தி,
12 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

சுகமாக இரு. நானுலி விடுதிச் சமையல்காரியோடு சண்டை போடப் போயிருக்கிறாள், சூப்பில் மிளகு அதிகமாம். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

எனக்கு ஆஸ்பத்திரியிலேயே தெரியும். பக்கத்துக் கட்டிலில் ஒரு மெக்கானிக். டாக்டர் அவனைத் தினமும் திட்டுவார், சிகரெட்டை விடுடா, வயிற்றை இறக்குடா என்று. என்னிடம் வந்தால் தோளில் தட்டிக் கொடுத்து, கடலுக்குப் போய்வாருங்கள் என்பார். பிழைக்கிறவனைத்தானே திட்டுவார்கள்? அன்றைக்கே புரிந்துவிட்டது. 

நானுலி பாவம், பொய் சொல்லத் தெரியாதவள். கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டு, டாக்டர்தான் உப்பு வேண்டாம் என்றார் என்கிறாள். அந்தப் பொய்யைத் தூக்கிச் சுமந்துகொண்டு நிமிர்ந்து நடக்கிறாள். எனக்குத் தெரியும் என்று சொல்லி அதை அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டால், அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? அதனால் நீயும் சொல்லிவிடாதே.

அத்தான் விருந்தன்று கொட்டிலில் உளறிவிட்டார். "பொண்டாட்டி மூடி வைங்கறா, புருஷன் திறங்கறான், நடுவுல எனக்கு இடுப்பு ஒடியுது" என்று. அப்போதுதான் அவள் அந்தத் தாழியை எதற்காகக் கேட்டிருக்கிறாள் என்று விளங்கிற்று. அவள் அப்பாவின் இழவு விருந்தில் நானும் இருந்தேன், அக்கா. கடை ஒயின். அவள் முகத்தை அன்று பார்த்தவன் நான். என் இழவுக்கு வைத்ததை நானே குடித்துத் தீர்த்துவிட்டேன். குடித்ததில் வருத்தம் இல்லை, அவ்வளவு நல்ல ஒயின். அவளுக்கு வைத்ததைக் குடித்தேனே என்பதுதான் வருத்தம்.

ஒன்று செய். இந்த அறுவடையில் முதல் பழத்தை மூலைத் தாழிக்குக் கொடு. அது தெளியக் குளிர்காலம் முடிய வேண்டும். அதுவரை நான் இருக்கப் பார்க்கிறேன். கலங்கல் ஒயினைக் குடித்து ஊருக்கே வயிறு கெட்டால், பழி என் பிணத்தின் மேல் விழும்.

அவள் வருகிற சத்தம் கேட்கிறது. சமையல்காரி தோற்றுவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஒதார்

*

கிராமத்திலிருந்து,
5 செப்டம்பர்

நானுலிக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் வீடு வந்து சேர்ந்திருப்பீர்கள் என்று திபிலிசிக்கே எழுதுகிறேன். தாமதமாக எழுதுவதற்கு முட்டியைச் சாக்குச் சொல்ல மாட்டேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அவனிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மகள் தலைமேல் சத்தியம். அவனும் எனக்கு எழுதியிருந்தான், தாழியைத் திற என்று. உன் கடிதமும் அவன் கடிதமும் ஒரே அலமாரியில் கிடந்தன. நான் நடுவில் கிடந்தேன். நீ கேட்டது நியாயம். ஆனால் கேட்டவன் உயிரோடு இருக்கிறான், நானுலி. பசிக்கிறது என்று கேட்கிறவனிடம், பொறு, உன் கருமாதிக்குச் சமைத்து வைத்திருக்கிறேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அறைவதானால் அறைந்துகொள். கன்னம் இங்கேயேதான் இருக்கும்.

தாழியை உன் அண்ணன் உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவிவிட்டார். முதல் பழம் அதற்குத்தான். மறுபடி நிரப்புவோம். உன் மேஜைக்குக் கடை ஒயின் வராது. அதற்கு நான் பொறுப்பு.

மக்வாலா

*

திபிலிசி,
30 அக்டோபர்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். இருவரும் நலம்தானே? அறுவடைக்கு வர முடியவில்லை. அவர் மறுபடி ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வர வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. ஆனால் ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒயின் தெளிய வசந்தம் வர வேண்டும். வசந்தம்வரை என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

நேற்று சாளரத்தருகே உட்கார்ந்திருந்தவர், "சாறு கொதிச்சு அடங்கியிருக்கும். தாழிய மூடற நேரம். மண்ணு நான்தான் பூசணும்" என்றார்.

"அங்க சோலிகோ அண்ணன் இருக்காரே."

"அத்தான் பூசினா வெடிக்கும். இந்தத் தடவை வெடிக்கக் கூடாது."

"குளிருமே."

"குளிரட்டும். கொஞ்ச நேர வேலைதான், நானுலி."

நான் சரி என்றேன். கம்பளிச் சட்டையை எடுத்து வைத்தேன். அவ்வளவுதான் பேச்சு. பணிமனைக்காரர் ஒருவர் காரில் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். சனிக்கிழமை வருகிறோம். களிமண்ணை வெந்நீரில் குழைத்து வையுங்கள், அவர் கை தாங்காது.

நானுலி

*

கிராமத்திலிருந்து,
14 ஜனவரி 1980

தம்பி ஒதாருக்கு,

பழைய கணக்குப்படி இன்றுதான் புத்தாண்டு. உனக்கும் நானுலிக்கும் நல்லதே நடக்கட்டும். நாங்கள் சுகம். பனி முழங்கால்வரை.

நீ பூசிய மண்ணில் ஒரு கீறல் இல்லை. வாரம் ஒருமுறை நான்தான் ஈரத்துணி போட்டுப் பார்த்துக்கொள்கிறேன். உன் அத்தானைக் கிட்டே விடுவதில்லை. சின்னத் தாழியை ருசி பார்க்கத் திறந்தோம். இன்னும் கலங்கல்தான், ஆனால் அடியில் படிய ஆரம்பித்துவிட்டது. இரண்டும் ஒரே பழம். அதனால் மூலைத் தாழியும் அப்படித்தான் இருக்கும்.

ஷாக்ரோ வாரா வாரம் வந்து உன்னைக் கேட்கிறான். வந்தால் தாழியின் மேலேயே பார்வை. அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது.

அவசரப்படாதே, தம்பி. அது மெதுவாகத்தான் தெளியும். நீயும் மெதுவாகவே இரு. பதில் எழுதக் கை வராவிட்டால் நானுலியிடம் சொல்லி இரண்டு வரி எழுதச் சொல்.

உன் அக்கா,
மக்வாலா

*

திபிலிசி,
11 மே 1980

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாயிருக்க வேண்டும். நான் நலம். வேலைக்குப் போகிறேன், முத்திரை குத்துகிறேன்.

உங்கள் ஜனவரிக் கடிதத்தை அவருக்கு நான்தான் படித்துக் காட்டினேன். கலங்கல் என்று வந்த இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பதில் எழுத என்னிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு கரண்டிக் கஞ்சியும் மருந்தைப் போல விழுங்கினார். சுவரொட்டி ஒட்டுகிற பசை என்று சொல்லவில்லை. வாதுமை பூக்கிறவரை அப்படியே இருந்தார்.

இழவு விருந்தன்று நீங்கள் முதல் கோப்பையை மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது நான் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெளிந்திருந்தது என்று உங்கள் முகத்திலேயே தெரிந்துவிட்டது. ஊர் முழுக்க உட்கார்ந்து குடித்தது. யாரும் கோப்பையைப் பாதியில் வைக்கவில்லை. அவரைப் பற்றி எவ்வளவு பேசினார்கள்! அவர் எனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

ஷாக்ரோவை நீங்கள் மன்னிக்க வேண்டும். அன்று அவர் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்து நின்றபோது, "அறிவிருக்கா உனக்கு? இது என்ன கல்யாணமா? போய் மாத்திக்கிட்டு வா" என்று எல்லார் முன்னாலும் கத்தினீர்கள். அவர் போகவில்லை. நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன், பிறகு அழுதேன், எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனீர்கள்.

போன கோடையில் படலருகே உங்கள் தம்பி அவரிடம் சொன்னதை அன்று எழுத மாட்டேன் என்றேன். இப்போது எழுதுகிறேன். "ஷாக்ரோ, அடுத்த தடவை இந்தத் தாழியத் திறக்கறப்ப வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வா. கறுப்பை இன்னைக்கே போட்டு முடிச்சிட்டே" என்றார்.

ஆகவே எனக்கு அன்றே தெரியும், அண்ணி. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் சொன்னால், அவருக்கு எழுதிவிடுவீர்களோ என்று பயந்தேன். அவர் எனக்காக எதையும் தெரியாதவர்போல இருந்தார். அதை அவர் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்கும் முன்பே எனக்குச் சந்தேகம். போன ஜூனில் உங்களுக்கு அவர் எழுதிய கடிதத்தை ரயில் நிலையப் பெட்டியில் போட்டிருக்கிறார், சாமர்த்தியசாலி. நிலையப் பெட்டியும் எங்கள் மேஜைக்குத்தான் வரும் என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியவில்லை. உறைமேல் அவர் கையெழுத்து. வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிரிக்கவில்லை. முத்திரை குத்தி உங்களுக்கு அனுப்பிவைத்தேன்.

தொழிற்சங்கத்திலிருந்து இந்த வருஷமும் கோபுலெத்திக்குச் சீட்டு வந்திருக்கிறது. பெயரை எடுக்க மறந்துவிட்டார்கள், இரண்டு பேருக்கும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்கப் போனேன், கொடுக்காமல் வந்துவிட்டேன். தனியாக அந்தக் கூழாங்கல்மேல் உட்கார என்னால் முடியாது. நீங்கள் வாருங்கள். முட்டி வலித்தால் கால் மட்டும் நனைத்தால் போதும், அவரும் அதைத்தான் செய்தார்.

மூலைத் தாழியில் அடியில் ஏதாவது மிச்சம் இருந்தால் ஒரு சீசாவில் கொண்டு வாருங்கள். தாமதம் செய்யாதீர்கள். திறந்தது காத்திருக்காது என்று சொன்னவர் நீங்கள்தான்.

உங்கள்,
நானுலி